காசாகச் சிதறும் எதிரிகள்: 'ஸ்காட் பில்கிரிம்' படத்தைப் பிள்ளைகளோடு பார்ப்பது பற்றி

'ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்ட்' 2010 ஆகஸ்டில் வெளிவந்த படம். இங்கிலாந்துக்காரர் எட்கர் ரைட் இயக்கியது. திரையரங்கில் ஓடியபோது போட்ட காசைக்கூட அது எடுக்கவில்லை. ஆனாலும் எங்கள் பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துப் பிள்ளைகள் இப்போது இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் இதே பாத்திரங்களை வைத்து ஒரு அனிமே (ஜப்பானிய பாணி கார்ட்டூன்) தொடர் வந்தது. அப்புறம் படத்தின் சண்டைக் காட்சிகள் துண்டு துண்டாக ஷார்ட்ஸிலும் ரீல்ஸிலும் சுற்றுகின்றன. அதைப் பார்க்கும் பிள்ளை முழுப்படம் எங்கே என்று கேட்கிறது. பெற்றோர் எட்டிப் பார்த்தால் ஒருவனை ஒருவன் சுவரில் தூக்கி அடிக்கிறான், திரை முழுக்க எழுத்துகள் வெடிக்கின்றன, ஒரே சத்தம். "இதெல்லாம் பார்க்காதே" என்று சொல்லி போனைப் பிடுங்கிவிடத் தோன்றுகிறது.

பதினான்கு வயதுப் பையனும் பதினொரு வயதுப் பெண்ணும் இருக்கும் வீட்டில் நான் இந்தப் படத்தைப் பையனோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். சண்டையைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கவலைப்பட வேண்டிய விஷயம் படத்தில் வேறு ஒன்று இருக்கிறது. அது சத்தமில்லாமல் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

முதலில் கதை. கனடாவின் டொராண்டோ நகரம், பனிக்காலம். ஸ்காட்டுக்கு 22 வயது, வேலை இல்லை. நண்பர்களோடு ஒரு சின்ன ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறான். வாலஸ் என்ற நண்பனின் ஒற்றை அறையில் ஒரே மெத்தையில் படுத்துக்கொள்கிறான். நைவ்ஸ் சாவ் என்ற பதினேழு வயதுப் பள்ளி மாணவியோடு பழகிக்கொண்டிருக்கும்போதே, அமெரிக்காவிலிருந்து வந்த ரமோனா ஃபிளவர்ஸைப் பார்த்து மயங்குகிறான். ரமோனாவோடு பழக வேண்டுமானால் அவளுடைய முன்னாள் காதலர்கள் ஏழு பேரையும் சண்டையில் ஜெயித்தாக வேண்டும். பிரையன் லீ ஓ'மாலி 2004 முதல் 2010 வரை ஆறு பாகங்களாக எழுதி வரைந்த கிராஃபிக் நாவல்தான் இதற்கு மூலம்.

ஏழு பேர், அடுத்தடுத்துச் சண்டை. வீடியோ கேம் ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒவ்வொரு லெவல் முடிவிலும் 'பாஸ்' என்று ஒரு முக்கிய எதிரி, முந்தையவனைவிட அடுத்தவன் கடினம், கடைசியில் பெரிய பாஸ். படம் ஆரம்பிக்கும்போதே தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் பழைய டிவி கேம் போலக் கட்டம் கட்டமான படத்திலும் கீச்சுக் கீச்சென்ற இசையிலும் வருகிறது. ஆட்கள் அறிமுகமாகும்போது பக்கத்தில் பெயர், வயது, தகுதி எல்லாம் பட்டையாக எழுதி வருகின்றன. கதவு மணி அடித்தால் அந்தச் சத்தமே எழுத்தாகத் திரையில் தெரிகிறது. தோற்றுப்போன எதிரி ரத்தம் சிந்துவதில்லை. காசாகச் சிதறுகிறான், மேலே ஸ்கோர் எண் ஏறுகிறது. முதல் சண்டை முடிந்ததும் ஸ்காட் அந்தச் சில்லறையைப் பொறுக்கி எண்ணிப் பார்க்கிறான், வீட்டுக்குப் போக பஸ் டிக்கெட்டுக்குக்கூடப் போதவில்லை.

இந்த மொழி நம் தலைமுறைக்கும் தெரிந்ததுதான். தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் டிவி கேம் வாங்கி, கேசட்டை ஊதி ஊதிச் சொருகி, மரியோவும் கான்ட்ராவும் ஆடியவர்கள்தான் இன்று அப்பா அம்மாவாக இருக்கிறோம். கான்ட்ராவில் எத்தனை பேரைச் சுட்டோம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. மூன்று லைஃப் இருந்தது, முடிந்தால் மறுபடி ஆரம்பம். அதே வழக்கத்தைத்தான் இந்தப் படம் மனிதர்களை வைத்து எடுத்துக் காட்டுகிறது. இரண்டாவது எதிரி உடைந்து சிதறியபோது நான் முகம் சுளித்தேன். "அது செத்துப்போறது இல்லம்மா, பாஸ் ஃபைட்டு முடிஞ்சிடுச்சு, அவ்ளோதான்" என்றான் என் பையன்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோர் பலருக்கு இந்தப் படம் தலைவலியாக இருப்பது சண்டையால் இல்லை, வெட்டி ஒட்டிய விதத்தால். ஒருவன் ஒரு இடத்தில் பேச ஆரம்பித்து அந்த வாக்கியத்தை இன்னொரு இடத்தில் முடிக்கிறான். நடந்து போவது, கதவைத் திறப்பது, உட்காருவது எதற்கும் நேரம் கிடையாது. திரை இரண்டாக, மூன்றாகப் பிரிகிறது. கவனம் சிதறிய ஆள் செய்த வேலையாக இது தோன்றலாம். ஆனால் கணக்குப் போட்டு, ஒவ்வொரு வெட்டையும் ஒரு சத்தத்தோடு பொருத்தி எடுத்திருக்கிறார்கள். 'மேட்ரிக்ஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பில் போப்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர். சண்டைகளுக்குப் பொறுப்பேற்ற பிராட் ஆலன், ஜாக்கி சானின் சண்டைக் குழுவில் இருந்து வந்தவர். அதனால் படம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் யார் எங்கே நிற்கிறார், யார் யாரை அடிக்கிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது.

சரி, வன்முறை. இதை வடசென்னையில் இருந்து பார்க்கும்போது ஒரு விஷயம் உறைக்கிறது. எங்கள் பகுதியை வைத்து எடுத்த படங்களில் பெரும்பாலும் கத்தி, ரத்தம், பழிக்குப் பழி. கதை நடக்கும் தெருப் பெயர்கள் எங்கள் பிள்ளைகள் தினமும் நடக்கும் தெருப் பெயர்கள். அந்தப் படங்களில் நல்லவையும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ராயபுரம் என்றோ காசிமேடு என்றோ திரையில் கேட்டதும் பையன் நிமிர்ந்து உட்காருகிறான், அடுத்த நொடி ஒருவன் வெட்டுப்பட்டு விழுகிறான். அந்த வன்முறை அவனுக்குப் பக்கத்துத் தெருவில் நடப்பது போல இருக்கிறது. டொராண்டோவில் காசாகச் சிதறும் ஆள் அப்படி இல்லை. அது விளையாட்டு என்று திரையே ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை தெரியும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து மோதிய ஊர் இது. மணி அடித்து, ஆளுக்கு ஆள், விதியோடு நடக்கும் மோதலுக்கும் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒருவனை அடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்டின் சண்டைகளும் பெரும்பாலும் அந்த முதல் வகைதான்: அறிவித்துவிட்டு வருவது, ஒரு முடிவோடு நிற்பது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் வன்முறை வீடியோ கேம்கள் பற்றிய தன் நிலைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டது. கேம் ஆடுவதற்கும், கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது என்று அது சொன்னது. ஆனால் உண்மையான வன்முறைக் குற்றங்களுக்குக் கேமைக் காரணமாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றும், அப்படிச் சொல்வது வேறு முக்கியமான காரணங்களை மறைத்துவிடும் என்றும் சேர்த்தே சொன்னது. எங்கள் பகுதியில் ஒரு பையன் தடம் மாறினால் உடனே கேமையும் சினிமாவையும் கைகாட்டுகிறார்கள். பள்ளியை விட்டு நின்றது, வீட்டில் வருமானம் நின்றது, போதைப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது, இவையெல்லாம் பேச்சில் வருவதே இல்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

இப்போது நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நைவ்ஸ்.

அவளுக்குப் பதினேழு. பள்ளிச் சீருடையில் வருகிறாள். ஸ்காட்டுக்கு இருபத்திரண்டு. அவர்களுக்குள் நடப்பது கை பிடிப்பதும், அவளே தயங்கித் தயங்கிக் கொடுக்கும் ஒரு முத்தமும்தான். ஸ்காட்டின் நண்பர்களே இது சரியில்லை என்று அவனைக் கிண்டல் செய்கிறார்கள், தங்கை கண்டிக்கிறாள். படம் இதைத் தப்பு என்று தெரிந்தே காட்டுகிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். கனடாவில் பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 16. இந்தியாவில் 18. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது முடியாத யாரும் குழந்தைதான், அந்தப் பெண் சம்மதித்தாள் என்பது இங்கே செல்லாது. இருபத்திரண்டு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் "லவ் பண்றோம்" என்று கிளம்பி, பையன் சிறைக்கும் பெண் காப்பகத்துக்கும் போகும் கதைகள் நம் ஊரில் நடக்கின்றன. படத்தில் நகைச்சுவையாகப் போகும் ஒரு வயது வித்தியாசம் இங்கே அப்படிப் போகாது. இதைப் பையனிடமும் சொல்லவேண்டும், பெண்ணிடமும் சொல்லவேண்டும்.

அதைவிட எனக்கு மனசு கனத்தது வேறு ஒன்றால். ரமோனா வந்த பிறகும் ஸ்காட் நைவ்ஸிடம் உண்மையைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று தெரியும், தள்ளிப்போடுகிறான். இருவரோடும் ஒரே நேரத்தில் பழகுகிறான். ஒருவழியாக முறித்துக்கொள்ளும்போதும் அரைகுறையாகச் சொல்லிவிட்டு நழுவுகிறான். அந்தப் பெண்ணோ, தன்னிடம் என்ன குறை என்று தேடுகிறாள். ரமோனாவைப் போல முடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறாள். ஏமாற்றிய ஸ்காட்டை விட்டுவிட்டு ரமோனா மேல் கோபப்படுகிறாள். பிறகு ஒரு சண்டையில், மூன்றாவது எதிரியான டாட் அவளை ஒரு குத்து விடுகிறான், முடியில் இருந்த சாயமே பறந்துவிட்டதாக அது ஒரு ஜோக். திரையரங்கில் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாற்றப்பட்ட சின்னப் பெண்ணை அடிப்பதில் என்ன நகைச்சுவை இருக்கிறது? படத்தில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத இடம் அதுதான். காசாகச் சிதறும் ஆண்களைப் பார்த்துப் பதறும் பெற்றோர் இந்த ஒரு குத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

ரமோனாவை ஸ்காட் அணுகும் விதமும் நமக்குப் பழக்கமானது. ஒரு பார்ட்டியில் பார்த்துவிட்டு அவளைப் பற்றி எல்லாரிடமும் விசாரிக்கிறான். அவள் பார்சல் கொண்டுவந்து கொடுக்கும் வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும், அவள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்பதற்காகவே ஒரு பொருளை ஆர்டர் செய்கிறான். வந்தவளிடம், தன்னோடு வெளியே வரச் சம்மதித்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்பது போல நிற்கிறான். வேலையை முடித்துக்கொண்டு போனால் போதும் என்று அவள் சரி என்கிறாள். தமிழ் சினிமாவில் நாயகியைப் பின்னால் சுற்றிச் சுற்றி சம்மதிக்க வைக்கும் அதே பழக்கம், டொராண்டோ பனியில். இங்கே ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். எங்கள் தெருவில் உணவும் பார்சலும் கொண்டு போகும் வேலைக்குப் பெண்களும் வண்டியெடுத்துப் போகிறார்கள். வாசலில் நிற்கும் பெண் தன் வேலையைச் செய்ய வந்திருக்கிறாள் என்று பையனிடம் சொல்ல இந்தக் காட்சி நல்ல வாய்ப்பு. நான் அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னேன். "அவங்களுக்கு சிக்னேச்சர் வாங்கலைன்னா வேலை போயிடும்ல" என்று அவனே யோசித்துச் சொன்னான்.

அப்படியென்றால் படத்தை ஏன் காட்டினேன்? கடைசி அரை மணி நேரத்துக்காக.

ரமோனாவின் ஏழாவது முன்னாள் காதலன், பெரிய பாஸ் கிடியனோடு மோதும்போது ஸ்காட் முதலில் ரமோனா மேல் இருக்கும் காதலுக்காகச் சண்டை போடுவதாகச் சொல்கிறான். நெஞ்சிலிருந்து ஒரு வாள் வருகிறது: காதலின் சக்தி. நம் படமாக இருந்தால் அந்த வாளோடு கதை முடிந்திருக்கும். இங்கே அந்த வாள் உடைகிறது. அந்தச் சண்டைக்கு நடுவே, இரண்டு பெண்களையும் ஏமாற்றியது வெளியே வருகிறது. ஸ்காட் தோற்று, இறந்தும் போகிறான். முன்பு சம்பாதித்த ஒரு கூடுதல் லைஃப் இருப்பதால் அதே லெவலை மறுபடி ஆடுகிறான். இரண்டாவது தடவை உள்ளே வரும்போது செய்வதெல்லாம் வேறு. வழியில் பழைய நண்பர்களிடம், முன்பு மனசு நோகச் செய்த, தன் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் கிம்மிடம், மன்னிப்புக் கேட்கிறான். கிடியனிடம் தனக்காகத்தான் சண்டை போடுவதாகச் சொல்கிறான். இப்போது வரும் வாள் சுயமரியாதையின் வாள், முன்னதைவிட வலுவானது. நைவ்ஸிடமும் ரமோனாவிடமும் தான் செய்ததைத் தானே ஒப்புக்கொள்கிறான். கடைசியில் கிடியனைத் தோற்கடிப்பதும் அவன் தனியாக இல்லை, நைவ்ஸும் சேர்ந்துதான்.

அதன் பிறகு ஒரு போட்டி மிச்சம் இருக்கிறது. ஸ்காட்டின் கெட்ட குணமெல்லாம் சேர்ந்த, அவனைப் போலவே இருக்கும் இருண்ட உருவம் எதிரே வந்து நிற்கிறது. பெரிய சண்டை வரப்போகிறது என்று நாம் நிமிர்ந்தால், அடுத்த காட்சியில் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வெளியே வருகிறார்கள். தன்னுடைய கெட்டதை அடித்து விரட்ட முடியாது, தெரிந்துகொண்டு கூடவே நடக்கவேண்டும் என்று எந்த வசனமும் இல்லாமல் படம் காட்டிவிடுகிறது. பதினான்கு வயதுப் பையனுக்கு இதை நான் எப்படி விளக்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. படத்துக்காக முதலில் எடுத்த முடிவில் ஸ்காட் நைவ்ஸோடு சேர்கிறான். பிறகு அதை மாற்றி, அவன் ரமோனாவோடு போவதாக வைத்தார்கள். மாற்றியது நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவன் நைவ்ஸோடு சேர்ந்திருந்தால், ஏமாற்றியவனுக்காகக் காத்திருந்தால் கடைசியில் கிடைப்பான் என்று சின்னப் பெண்களுக்குச் சொன்னதாகியிருக்கும். இப்போதைய முடிவில் அவள்தான் அவனைப் போகச் சொல்கிறாள். தான் அவனுக்கு மிஞ்சியவள் என்று தலை நிமிர்த்திச் சொல்கிறாள். என் பெண் வளர்ந்ததும் அவளுக்குக் காட்ட நான் வைத்திருப்பது அந்தக் காட்சியைத்தான்.

இன்னும் சில விஷயங்கள் பெற்றோருக்குத் தெரிய வேண்டியவை. ஸ்காட்டுக்கு வேலை இல்லை என்பதைப் படம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறையில் இருக்கும் பொருட்களில் எது யாருடையது என்று எழுத்துப் போட்டுக் காட்டுகிறார்கள், ஏறக்குறைய எல்லாமே வாலஸுடையது. துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டுகளிலும் இருபது வயதில் வேலைக்குப் போய்விடும் பையன்களின் ஊரில் இருந்து பார்க்கும்போது இந்தச் சோம்பல் உறுத்துகிறது. வாலஸ் ஆண்களை விரும்புபவன், அதைப் படம் சாதாரணமாக வைத்திருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடிய விஷயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. முதல் எதிரி மேத்யூ பட்டேல் இந்தியப் பெயர் கொண்டவன், கண்ணுக்கு மை தீட்டி, இந்திப் படம் போல ஆடிப் பாடிச் சண்டை போடுகிறான். இந்தியர் என்றால் ஆட்டம்தான் என்ற பழைய எண்ணம் அது. பிள்ளைகள் ரசிப்பார்கள். ரசிக்கட்டும், அப்புறம் பேசலாம். பாலியல் கேலிகள் பல இடத்தில் வருகின்றன. ரமோனாவின் முன்னாள் காதலியான ராக்ஸியோடு நடக்கும் நான்காவது சண்டை முடியும் விதம் முழுக்க அப்படித்தான். கெட்ட வார்த்தைகளும் உண்டு, சிலவற்றைப் பீப் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உடம்பு சம்பந்தப்பட்டது. இசைக் காட்சிகளிலும் சண்டைகளிலும் வெளிச்சம் அடிக்கடி பளிச்சிடுகிறது. வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இப்படி வேகமாக மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படலாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டில் வலிப்பு வந்த பிள்ளை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் படத்தைப் போடாதீர்கள். மற்ற பிள்ளைகளும் விளக்கை அணைத்துவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட, விளக்கு எரியும் அறையில் டிவியில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் இதற்கு 'பிஜி-13' கொடுத்தார்கள். பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாது, பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். நம் நாட்டில் 1983-ல் வந்த யூ/ஏ என்ற ஒற்றைப் பிரிவை, 2023-ல் திருத்திய சட்டம் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. ஓடிடி தளங்களுக்கு 2021 முதலே இதே போன்ற வயதுப் பிரிவுகளும், 13+ முதல் பெற்றோர் பூட்டு வைக்கும் வசதியும் உண்டு. அந்தப் பூட்டைப் போட்டுவைக்கப் பலருக்குத் தெரியவில்லை. செட்டிங்கில் பிள்ளைக்குத் தனி புரொஃபைல் வைத்து, வயதைக் குறித்து, நான்கு இலக்க பின் எண் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ரீல்ஸில் வரும் துண்டுகளுக்கு எந்தப் பூட்டும் இல்லை. துண்டில் சண்டை மட்டும் வரும், மன்னிப்புக் கேட்கும் காட்சி வராது. அதனால்தான் பதிமூன்று தாண்டிய பிள்ளை துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட முழுப்படத்தை நம்மோடு உட்கார்ந்து பார்க்கட்டும் என்று சொல்கிறேன்.

என் பெண்ணுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் பார்த்தானே என்று கோபமாக இருக்கிறாள். பதிமூன்று முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.